வேண்டாத விடை

சனிக்கிழமை காலை என் அக்கா மகளின் இதயச் செல் கணினித் திரையில் மறுபடியும் தடுக்கி விழுந்தது. கையிலிருந்த பேனாவைச் சுவரில் எறிந்தேன். பேனா என்ன பாவம் செய்தது என்று கேட்க ஆய்வகத்தில் அப்போது யாரும் இல்லை.

அது நிஜச் செல் இல்லை, வெறும் சமன்பாடுகள். இதயச் செல்லின் சுவரில் நுண்ணிய கதவுகள் உண்டு. அவை எப்போது திறக்கும், எப்போது மூடும், எவ்வளவு சோடியம் உள்ளே வரும், எவ்வளவு பொட்டாசியம் வெளியே போகும் என்று கணக்காக எழுதி, கணினியைத் துடிக்கச் சொல்வது என் பிழைப்பு. சோடியம் உள்ளே பாய்ந்தால் செல் துள்ளி எழும். பொட்டாசியம் வெளியேறினால்தான் அடங்கிப் படுக்கும். அது அடங்குவதற்குள் அடுத்த துடிப்பு வந்து இடித்தால் தாளம் தப்பும். தாளம் தப்பிய இதயத்தின் சொந்தக்காரர் மயங்கி விழுவார். சிலர் எழுந்திருப்பதில்லை.

அக்கா மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். நடக்கக் கற்பதற்கு முன்பே நீந்தினாள் என்று அக்கா பெருமையடிப்பாள், அதில் பாதி பொய். போன வருடம் ஒரு போட்டியில் ஊதல் ஒலித்தது. எல்லோரோடும் சேர்ந்து குதித்தாள். எல்லோரும் மேலே வந்தார்கள், அவள் வரவில்லை. பயிற்சியாளர் உடுத்திய உடையோடு குதித்து இழுத்துப் போட்டார், பிழைத்துக்கொண்டாள். பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில், ஒரு பொட்டாசியக் கதவுக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பது தெரிந்தது. அதற்கு முன் யாரிடமும் பார்க்காத மாற்றம். அது ஆபத்தானதா, அல்லது உடம்பில் ஒரு மச்சம் மாதிரி சும்மா இருப்பதா என்று இதய டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. "தெரியற வரைக்கும் தண்ணி வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்.

பதினாறு வயதுப் பெண்ணிடம் தண்ணீர் வேண்டாம் என்றால் அவள் என்ன செய்வாள்? யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். என் கைப்பேசிக்கு மட்டும் செய்தி வரும். "சித்தி, கணக்கு முடிஞ்சுதா?" அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளாது. எழுந்து நடப்பேன், உட்காருவேன், மறுபடி நடப்பேன்.

அந்த எழுத்து மாறிய கதவைச் செல்களில் வளர்த்து, அதன் மின்னோட்டத்தை அளந்து கொடுத்தவள் என் சிநேகிதி. முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியின் முனையைச் செல்லின் மேல் வைத்து உறிஞ்சி ஒட்டவைப்பது அவள் வேலை. அதனால் அவளுக்கு ஊசிக்காரி என்று பெயர். அவள் கொடுத்த எண்களை என் கணக்கில் போட்டேன். துடிப்பு மெதுவாக இருக்கும்போது செல் ஒழுங்காக இருந்தது. திடீரென்று வேகத்தைக் கூட்டினால் விழுந்தது. எத்தனை தடவை ஓட்டினாலும் விழுந்தது.

வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்பார்கள். எனக்கு அந்த விடை வேண்டாத பெண்டாட்டி. அதில் குற்றம் கண்டுபிடிக்காமல் ஓய்வதில்லை என்று முடிவுகட்டிவிட்டேன். நான் எழுதிய கணினி நிரலை வரிவரியாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் ஊசிக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்னடி, பேனா தரையில கிடக்கு?"

"உன் எண்ணெல்லாம் தப்பு."

"காலை வணக்கம்" என்றாள் அவள். "எந்த எண்?"

"கதவு திறந்த பிறகு தானா அடைச்சுக்குதே, அந்த வோல்டேஜ். ரொம்ப கீழ இருக்கு. ஊசிக்குள்ள இருக்கிற திரவமும் வெளிய இருக்கிற திரவமும் சேர்ற இடத்துல தானா ஒரு வோல்டேஜ் வருமே, அதை நான் ஒழுங்காத்தான் கழிச்சிருக்கேன். அப்படியும் கீழ இருக்கு."

ஊசிக்காரி தோள்பையைக் கழற்றாமல் நின்றாள். "நீ எதுக்குக் கழிக்கிற? நான் மெஷின்லயே கழிச்சுட்டுத்தானே கொடுக்கிறேன்."

"நீ கழிப்பியா?"

"நீ கழிப்பியா?"

இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். வெங்காயம் நிறுக்கும்போது பாத்திரத்தின் எடையைக் கழிப்பதில்லையா, அந்த மாதிரிக் கழித்தல்தான் இது. கடைக்காரரும் கழித்து, வாங்கினவரும் கழித்தால் வெங்காயத்துக்கு என்ன மிஞ்சும்? ஒழுங்காக வேலை செய்யும் இரண்டு பேர் சேர்ந்தால்தான் இந்தத் தப்பு வரும். எங்களில் ஒருத்தி சோம்பேறியாக இருந்திருந்தால் எண் சரியாக வந்திருக்கும். இதைச் சொல்லிச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே என் கழித்தலை அழித்துவிட்டுக் கணினியை ஓட்டினேன்.

செல் விழவில்லை. வேகத்தைக் கூட்டினேன். விழவில்லை. இன்னும் கூட்டினேன். மேலே போவதும் அடங்குவதுமாக அலைகள் வரிசையாக வந்தன. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊசிக்காரி கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டேன்.

"அக்கா, தப்பு எங்க பக்கம்தான். சரிபண்ணிட்டோம். பயப்பட ஒண்ணுமில்ல."

"நிஜமாவா? டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"திங்கக்கிழமை சொல்றேன். அவர் என்ன, நான் கொடுக்கறதைத்தானே பார்க்கப்போறார்."

அக்கா அழுதாள். பின்னால் வாலு "என்னம்மா, என்னம்மா" என்பது கேட்டது. பிறகு ஏதோ விழும் சத்தம், வாலுவின் சிரிப்பு. அவள் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை மாதமாயிற்று! நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

ஊசிக்காரி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஒண்ணு கேட்கவா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"பிடிக்காத பதில் வந்தப்போ ரெண்டு வாரமாத் தேடின. பிடிச்ச பதில் வந்ததும் அஞ்சு நிமிஷத்துல போன் போட்டுட்ட. ஏன் தேடறதை நிறுத்தின?"

"தப்புதான் கிடைச்சிடுச்சே."

"ஒரு தப்பு கிடைச்சுது. நான் அளந்ததெல்லாம் அறைச் சூட்டுல அளந்தது. உடம்புச் சூட்டுல செல் ஊசியில ஒட்டி நிக்காது, கிழிஞ்சுடும். வாலு உடம்பு அறைச் சூட்டுலயா இருக்கு?"

"அதுக்குத்தானே ஒரு எண்ணால பெருக்கறோம். எல்லாரும் பெருக்கறதுதான்."

"அந்த எண் எந்தக் கதவை அளந்து எடுத்தது?"

நிரலில் அந்த வரிக்குப் போய்ப் பார்த்தேன். அது சாதாரணக் கதவை அளந்து எடுத்த எண். சூடு ஏறினால் சாதாரணக் கதவு சுறுசுறுப்பாகும். எழுத்து மாறிய கதவும் அப்படியே ஆகும் என்று நானாக வைத்துக்கொண்டேன். யாரும் அளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"இப்பவே அளந்து பார்த்துடலாம்" என்று ஊசிக்காரி எழுந்தாள்.

சூடேற்றிய கிண்ணத்தில் செல்கள் பிடிவாதம் பிடித்தன. ஊசி தொடும், மெல்ல உறிஞ்சுவாள், ஒட்டும், அளவு எடுக்கத் தொடங்கியதும் கிழியும். அடுத்த செல். அதுவும் கிழியும். நான் அவள் முதுகுக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். கதவுப்பக்கம் போய் வந்தேன். "ஒட்டிடுச்சா?" என்றேன். "போயிடுச்சா?" என்றேன்.

"அம்மா தாயே" என்றாள் அவள், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ நடக்கிற அதிர்வுலயே பாதி கிழியுது. வெளிய போ."

நடைக்கூடத்தில் நின்றேன். அங்கே நடக்கலாம் என்றாலும் நடக்கப் பயமாக இருந்தது. சுவரில் முதுகைச் சாய்த்துக் கால் விரல்களை மடக்கிக்கொண்டு நின்றேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவுக்கு இப்போதே சொல்லிவிடலாமா என்று கைப்பேசியை எடுத்தேன். என்ன சொல்வது? ஒருவேளை நல்லதாகவே இருக்கலாம் இல்லையா? அளந்து முடியட்டும் என்று பையில் போட்டேன். அந்த நேரத்தில் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆசை விடவில்லை.

மாலை வெயில் நடைக்கூடத்துக்குள் வந்த பிறகு ஊசிக்காரி கூப்பிட்டாள். ஒரே ஒரு செல் கிழியாமல் நின்றிருந்தது. சூட்டில் அந்தக் கதவு சுறுசுறுப்பாகவில்லை. கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். எண்களைப் போட்டு ஓட்டினேன். மெதுவான துடிப்பில் செல் நன்றாக இருந்தது. திடீரென்று வேகத்தைக் கூட்டினேன். விழுந்தது.

"ஒரு செல்லை வச்சுக்கிட்டு என்னடி சொல்ல முடியும்?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"செல்லே இல்லாம காலையில சொன்னியே" என்றாள் ஊசிக்காரி.

அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அக்கா வீட்டு எண்ணில் வாலுவின் அப்பா எடுத்தார். "ரெண்டு பேரும் நீச்சல் குளத்துக்குப் போயிருக்காங்களே. நீதானே சரின்னு சொன்னியாம்? துள்ளிக் குதிச்சுக்கிட்டுப் போச்சு பொண்ணு" என்றார். போனைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினேன்.

குளம் நான்கு தெரு தள்ளி. சிக்னலில் நின்ற வண்டிகளுக்கு நடுவே புகுந்து போனேன். யாரோ திட்டினார்கள், நானும் திருப்பித் திட்டினேன். நுழைவாயிலில் இருந்த அம்மாள் செருப்பைக் கழற்றச் சொன்னாள். கழற்றி எங்கே போட்டேன் என்று தெரியாது.

உள்ளே கூரைக்குக் கீழே சத்தம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. அக்கா படிக்கட்டில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "வாடி, வா. பாரேன், ஒண்ணும் மறக்கவே இல்ல."

நடுத்தடத்தில் வாலு போய்க்கொண்டிருந்தாள். கை மாறி மாறி விழுந்தது, அவசரமே இல்லாமல்.

அவள் பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடி நின்றது. திடீர்ச் சத்தம், திடுக்கிடல், துடிப்பு சட்டென்று ஏறுவது, இவற்றைத்தானே அந்தச் செல் தாங்கவில்லை. என் கூச்சலே அவளை முடித்துவிடலாம். வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

குளத்தின் அந்தக் கோடியில் பயிற்சியாளர் அடுத்த வரிசைப் பிள்ளைகளைக் குதிப்பதற்கு நிறுத்தியிருந்தார். ஊதலை வாய்க்கு அருகே கொண்டுபோனார். வழுக்கும் ஓரத்தில் ஓடிப் போய் அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தண்ணீரைப் பார்த்தார். போன வருடம் அவளை இழுத்துப் போட்டவர் அவர்தான். ஒன்றும் கேட்கவில்லை. ஊதலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். பிள்ளைகளிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

அவள் வந்து சுவரைத் தொடும்வரை நாங்கள் எல்லோரும் அப்படியே நின்றோம். நான் கடவுளைக் கூப்பிட்டேனா, சமன்பாட்டைக் கூப்பிட்டேனா, நினைவில்லை.

தலையைத் தூக்கினாள். நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "சித்தி! எப்ப வந்த? பார்த்தியா?"

"மேல வா கண்ணு. மெதுவா வா."

சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. "இன்னும் ஒரே ஒரு சுத்து."

"வேண்டாம்."

"காலையில நீதானே சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன். எனக்குப் பிடிச்ச பதில் வந்துது. அதோட நிறுத்திட்டேன்."

அக்கா பின்னால் வந்து நின்றாள். "என்ன விளையாடறியா நீ?" என்றாள். அவள் என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கை நீட்டினேன். வாலு அதைப் பிடிக்காமல் ஏணியில் ஏறி வந்து ஓரத்தில் உட்கார்ந்தாள். கால் தண்ணீரில் பட்டது. பார்த்துவிட்டு அதையும் மேலே எடுத்துக்கொண்டாள்.

"இப்ப வந்திருக்கற பதில் மட்டும் சரியா?"

"தெரியாது. ஒரே ஒரு செல்லு. இன்னும் நிறைய அளக்கணும்."

"யார் அளப்பாங்க?"

"ஊசிக்காரி அளப்பா. கணக்கு நான்..."

"நீ வேண்டாம் சித்தி."

சத்தமாகச் சொல்லவில்லை. முடியிலிருந்து தண்ணீரைப் பிழிந்துகொண்டே, எனக்குப் புரிய வேண்டுமே என்பது போல நிதானமாகச் சொன்னாள்.

"நான் செத்தா அழற ஆளு என் கணக்கைப் போட வேண்டாம். என்னை யாருன்னே தெரியாத ஒருத்தர் போடட்டும்."

கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவளுக்குக் கோபமில்லை. அவள் சொன்னது சரி. சரி என்று தலையை ஆட்டினேன்.