நடுமுதுகில் ஒரு தட்டு

அவள் உயிரோடு இருந்தவரை அந்த வீட்டில் ஒருவரும் நிம்மதியாகக் குனிந்து உட்கார்ந்ததில்லை.

வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு, மெழுகில் ஈறு செய்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, பொக்கை வாய்களுக்குச் சிரிப்பு வரவழைத்துக் கொடுப்பது தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரமாக மேசை, அதன்மேல் ஸ்பிரிட் விளக்கு, செதுக்கும் கத்திகள், சுண்ணாம்பு நிறத்தில் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டர் தாடைகள். நெல்மணியைவிடச் சற்றே பெரிய பல்லை இழைப்பதென்றால் குனியாமல் முடியுமா? காலையில் உட்கார்ந்தால் மனிதர் மூக்காலேயே மேசையைத் துடைப்பார்.

மனைவி விடுவாளா? துணிக்கடையில் பல வருஷம் நின்றும் குனிந்தும் இடுப்பைக் கெடுத்துக்கொண்டு, பட்டுத் தெளிந்தவள் அவள். மேசையின் நான்கு கால்களுக்கும் கட்டை கொடுத்து உயர்த்தினாள். நாற்காலியில் இடுப்புக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்தாள். பாதத்துக்கு ஒரு பலகை. குக்கர் விசில் அடித்தால் அவர் எழுந்து கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும், அது வீட்டுச் சட்டம். தண்ணீர்க் கேனைத் தூக்கினால் முழங்கால் மடங்கலாம், முதுகு மடங்கக் கூடாது. ஒருக்களித்துத்தான் படுக்கவேண்டும், முழங்கால்களுக்கு நடுவே தலையணை. அப்பப்பா, ராணுவம் தோற்றது!

இத்தனைக்கும் மேல் அவர் குனிந்தால், சத்தமில்லாமல் பின்னால் வந்து, ஆள்காட்டி விரலை மடக்கி நடுமுதுகில் இரண்டு தட்டுத் தட்டுவாள். இடதுகைக்காரி என்பதால் தட்டு சற்றே இடப்பக்கமாக விழும்.

"என்ன கேள்விக்குறி, எப்பங்க ஆச்சரியக்குறி ஆகப் போறீங்க?"

அவர் கல்லுளிமங்கன். நிமிர்வார், அவள் அந்தப்பக்கம் திரும்பியதும் மறுபடி வளைவார். அவளும் சளைக்கமாட்டாள்.

அப்படிப்பட்டவளை ஒரு காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. இடுப்பைக் காப்பாற்றத் தெரிந்தவளுக்கு அந்தக் காய்ச்சலிடமிருந்து தப்பத் தெரியவில்லை, பாவம்.

காரியமெல்லாம் முடிந்து அவர் மறுபடி வேலைக்கு உட்கார்ந்த முதல் நாள். ஒரு கடைவாய்ப்பல் சரியாகப் பொருந்தாமல் படுத்திக்கொண்டிருந்தது. குனிந்தார், இன்னும் குனிந்தார். நடுமுதுகில் டொக் டொக் என்று விழுந்தது.

"சரிம்மா, சரி" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் உறைத்தது. கையிலிருந்த கத்தி நழுவி மெழுகில் குத்திக்கொண்டு நின்றது. திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. ஸ்பிரிட் விளக்கின் சுடர்கூட ஆடவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்துப் போய், பட்டப்பகலில் அந்த மனிதர் சிலைபோல உட்கார்ந்திருந்தார்.

பயந்து ஓடியிருக்க வேண்டாமா? இவர் மறுபடி குனிந்தார்! மறுபடி விழுந்தது தட்டு, அதே இடம், அதே இடப்பக்கச் சாய்வு. மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் அவள் வருவதில்லை, குனிந்தால் வருகிறாள். பிறகென்ன? சுருட்டிய துண்டைத் தூக்கி எறிந்தார். பலகையைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். மேசைக்கால் கட்டைகளையும் கமுக்கமாக உருவி அங்கேயே ஒளித்தார். மகள் வைக்கும் குக்கர் விசில் அடித்தாலும் எழுந்திருக்கவில்லை. தட்டு வரவர லேசாகிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம் குனிந்தால்தான் வரும், இன்னும் கொஞ்சம் நேரம் காத்திருந்தால்தான் வரும் என்றாயிற்று. வந்துவிட்டாலோ அன்றைக்குச் சாப்பாடுகூட வேண்டாம் அவருக்கு.

முதுகு சும்மா இருக்குமா? முதலில் இடுப்பில் பிடித்தது. அப்புறம் இடது கால் மரத்தது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இப்படியே போனா கால் வேலை செய்யாது, புரியுதா? உட்காரவே முடியாம ஆயிடும்."

"புரியுது" என்றார் இவர். வீட்டுக்கு வந்ததும் நேரே மேசையில் போய்க் கவிழ்ந்துகொண்டார். அவளே வருகிறபோது கால் என்ன பெரிய கால் என்ற நினைப்பு.

ஒருநாள் காலையில் எழப்போனவர் அப்படியே தரையில் சரிந்தார். கால் இருக்கிற இடமே தெரியவில்லை. சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து மகள் ஓடிவந்தாள். ஒரே மகள். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள், அம்மா வளர்த்த வளர்ப்பில் அளவுகோல் மாதிரி நிமிர்ந்து உட்காருவாள். தரையில் முட்டி போட்டு அவரைத் தாங்கியவளின் கண்ணில், கட்டிலுக்கடியில் கிடந்த கட்டைகள் பட்டன.

"அப்பா, இதை யாரு எடுத்தது?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர், படுத்த வாக்கிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நம்பமாட்டாள், சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை. முகம் வெளிறிப் போயிற்று.

"இடது பக்கமாவா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாம்மா."

அவ்வளவுதான், பொங்கிவிட்டாள். "உயிரோட இருந்தப்பதான் அவளை நிக்க விடாம வேலை வாங்கினீங்க. போன பிறகும் ஓய்வு கிடையாதா? நீங்க நல்லா இருக்கணும்னுதானேப்பா வர்றா. நீங்க உங்களையே ஒடிச்சுக்கிட்டா அவ எப்படிப்பா நிம்மதியா போவா?" சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் குரல் உடைந்தது. "நான் அவ சொன்ன பேச்சு அத்தனையும் கேட்டேன். என்கிட்ட ஒரு தடவையாவது வந்தாளா?"

மகளின் கையைப் பிடித்துக்கொண்டார், வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் திருந்தினார். பல வாரம் படுக்கை, பயிற்சி, சுவரைப் பிடித்து நடை. கட்டைகள் மேசைக்கால்களுக்குத் திரும்பின, துண்டு நாற்காலிக்குத் திரும்பியது. காலில் உணர்ச்சி மெல்ல வந்தது. முதுகுக்குப் பின்னால் மட்டும் வெறுமை. நிமிர்ந்து உட்கார்ந்த ஒவ்வொரு நிமிஷமும், வீட்டு வாசலில் வந்து நிற்பவளைக் கதவைச் சாத்தி அனுப்புவதுபோல இருந்தது அவருக்கு. ஆனாலும் நிமிர்ந்தே இருந்தார். அவளுக்காகச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் குக்கர் விசில் அடித்தது. எழுந்து கூடத்தைச் சுற்ற வந்தவர், மகளின் அறை வாசலில் நின்றுவிட்டார்.

மகள் கட்டிலில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாள். முதுகுக்கு வைக்கும் தலையணை தரையில் கிடந்தது. மடியில் லேப்டாப், திரை இருண்டு வெகுநேரமாகியிருக்க வேண்டும். வேலை எதுவும் நடக்கவில்லை. உட்கார்ந்திருக்கும் அந்த விதத்தை அவரைவிட யாருக்குத் தெரியும்? காத்திருக்கிறாள்.

பூனைமாதிரி உள்ளே போய் அவள் பின்னால் நின்றார். விரலை மடக்கினார். அப்புறம் நினைவு வந்து, வலது கையை இறக்கி இடது கையை நீட்டினார். பிள்ளை ஒரு தடவை சந்தோஷப்படட்டுமே! ஆனால் ஒரு தட்டு விழுந்தால் அடுத்த தட்டுக்காக இவளும் ஆயுசுக்கும் வளைந்து கிடப்பாளே. கை ஒரு சாண் தூரத்திலேயே நின்றுவிட்டது.

அப்போது அவர் பார்த்தார். மகளின் சட்டை, நடுமுதுகில், சற்றே இடப்பக்கமாக லேசாக அமுங்கி எழுந்தது. மறுபடி ஒருமுறை அமுங்கி எழுந்தது. இத்தனை நாள் தன் முதுகில் நடந்ததை அவர் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

மகள் துள்ளி நிமிர்ந்தாள். "அம்மா?" சின்ன வயசுக் குரல்.

திரும்பினாள். நீட்டியபடியே நின்ற அப்பாவின் கையைப் பார்த்தாள். முகத்தில் இருந்த வெளிச்சமெல்லாம் வடிந்தது.

"நீங்களாப்பா?"

வந்துட்டாடி உங்கம்மா, உன்கிட்டயும் வந்துட்டா என்று கத்தவேண்டும்போல இருந்தது. நீட்டிய கையை மெல்ல இறக்கினார்.

"நான்தாம்மா. வேற யாரு வருவா? நிமிர்ந்து உட்காரு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். தலையணையை எடுத்து முதுகுக்கு வைத்தாள். வேலையைத் தொடங்கினாள்.

அவர் பட்டறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். பிளாஸ்டர் தாடைகள் எல்லாம் அவரைப் பார்த்து இளித்தன. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். எவ்வளவு அழுதும் முதுகை மட்டும் வளைக்கவில்லை.