பதிவு எண் 214/91

எனக்குக் கோபம் வந்தால் சிரிப்பும் கூடவே வந்துவிடும். இதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்லப்போகிறேன். அதற்காக இந்தச் செல்வமேரிக்குக் கோபமே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பெருங்களத்தூர்ப் பக்கம் எங்கள் ஏரிக்கரைத் தெருவும் வசந்தபுரி நகரும் ஒரே பஞ்சாயத்து. நடுவில் வசந்தபுரிக்காரர்கள் உயர்த்திப் போட்ட ரோடு. மழை நின்ற மறுநாளே அங்கே வாசலில் கோலம் விழும். எங்கள் வீட்டுக்குள் பத்து நாள் தவளை குடித்தனம் நடத்தும். ஊருக்கு இருப்பது ஒரே டீசல் பம்பு. வருஷா வருஷம் அது வசந்தபுரியில் தேங்கினதை உறிஞ்சி எங்கள் தெருவில் கொண்டுவந்து கொட்டும்.

அந்த நகர் சங்கத்தின் தலைவர் வேதசிரோமணி சார் வீட்டில்தான் நான் சமையல். தொண்ணூற்று மூணு மழையில் பம்பை எங்களுக்கும் ஒரு நாள் விடச் சொல்லிக் கேட்டேன். நல்ல மனுஷர்தான். "எழுதிக் குடும்மா, கமிட்டியில பேசிட்டுச் சொல்றேன்" என்றார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தொண்ணூற்று நாலு புரட்டாசியில் என் மகள் புஷ்பம் நிறைமாதமாக வந்து இறங்கினாள். வீட்டில் இருப்பது ஒரே கட்டில். பச்சை உடம்புக்காரியையும் பிள்ளையையும் தண்ணீரிலா போடுவது? இந்தத் தடவை பம்பு எங்களுக்கு வந்தே ஆகவேண்டும்.

பஞ்சாயத்து ஆபீசில் கேட்டேன். சங்கம் இருக்கிறதா, சீல் இருக்கிறதா என்றார் கிளார்க். சீல்தானே? சார் மேஜையில் நான் தினமும் துடைக்கிற சாமான். அன்றைக்கே பக்கத்து வீட்டுக் கிளியம்மாளை இழுத்துக்கொண்டு தாம்பரத்தில் சீல் கடைக்குப் போனேன். எங்கள் தெருப் பெயரிலேயே ஒரு சங்கம் சொன்னேன். பதிவு எண் என்ன என்று கடைக்காரர் கேட்டார். பதிவுக்கு நான் எங்கே போவேன்?

கிளியம்மாள் மட்டும் அசரவில்லை. "உன் வூட்டுக் கதவுல கீதே, அத்தச் சொல்லுக்கா" என்றாள்.

தொண்ணூற்றொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்கள் கறுப்பு மையில் எழுதிவிட்டுப் போன எண். சர்க்கார் எங்களுக்குக் கொடுத்த ஒரே எண் அதுதான். 214/91 என்று கம்பீரமாகச் சொன்னேன்.

சீல் வந்த வாரம் தெருவே கிறுகிறுத்துப் போயிருந்தது. பிள்ளைகள் கையில் குத்திக்கொண்டார்கள். கிளியம்மாளின் வெள்ளாட்டு முதுகிலும் ஒன்று விழுந்தது. பத்தாவது படித்த புஷ்பம் மனு எழுத, நான் கீழே குத்தினேன். கிளார்க் அதைப் பார்த்துவிட்டு, "உட்காருங்க மேடம்" என்றார். எந்த மேடம் வந்திருக்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. பேரன் பிறந்து பதினொரு நாள். தண்ணீர் கட்டில் காலைத் தொட்டபோது பம்பு வந்தது, எங்கள் தெருவுக்கு! தண்ணீரை எங்கே விடுவது என்று பம்புக்காரர் கேட்டார். ஒரு பக்கம் ஏரி தளும்புகிறது. இன்னொரு பக்கம் ரோடு. "எங்கேந்து வந்துச்சோ அங்கியே வுடு" என்றேன்.

சாயங்காலம் வேதசிரோமணி சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். முழங்கால் வரை சேறு.

"ஹால்ல தண்ணி வந்துடுச்சு செல்வமேரி. பம்பை ஒரு நாள் குடேன்."

பாவமாகத்தான் இருந்தது, அவர் உப்பைத் தின்கிறவள் நான். ஆனால் கட்டிலில் பேரன் காய்ந்த துணியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"எழுதிக் குடுங்க சார், கமிட்டில பேசிட்டுச் சொல்றோம்."

அவர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் பிள்ளையைப் பார்த்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஓடைக்குப் போக ஒரு கால்வாய் வெட்டவேண்டும், அதுவரை பம்பு முறைவைத்து ஓடவேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்து தன் சங்கத்துச் சீலை எடுத்துக் குத்திவிட்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

பக்கத்திலேயே எங்கள் சீலைக் குத்தினேன். கொஞ்சம் பலமாகவே குத்திவிட்டேன், பேரன் விழித்துக்கொண்டான்.