மெனாஷே ஒட்டிய டேப்

மெனாஷே இறந்த முப்பதாம் நாள், யூத வழக்கப்படி கல்லறைமேல் ஒரு சிறு கல் வைத்துவிட்டு ஃபீரா நேராக ஆய்வகத்துக்கு வந்தாள். சோதனை அலமாரியில் அந்தச் சின்ன ரேடியோ இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அதற்குள் இருப்பது அவளும் மெனாஷேயும் வடிவமைத்த பேட்டரி. மேலே உள்ள நான்கு ஊசித் துளைகள் வழியாகக் காற்றை இழுத்துத்தான் அது மின்சாரம் தரும். பத்தே நாளில் தீர்ந்துவிடும்; பிறகு தூக்கிப் போட வேண்டியதுதான்.

"இன்னும் ஓடுதே. உங்க மெனாஷே உள்ள உக்காந்து ஊதிட்டிருக்கார் போல," என்றான் டெக்னீஷியன் லியோவா.

"வாயை மூடு. துளை போட்டது நீதானே? சின்னதா போட்டுத் தொலைச்சிருப்ப, காத்து கொஞ்சமாப் போய் மெதுவாத் தீருது," என்று எரிந்து விழுந்தாள் ஃபீரா.

ரேடியோவின் மூடியைக் கழற்றினாள். பேட்டரியின்மேல் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாளான ஷபாத்துக்குக் கிளம்பும்போது மெனாஷே துளைகளை அடைத்துவிடுவார். "அதுவும் ஓய்வெடுக்கட்டுமே" என்பார். ஞாயிறு காலை வந்ததும் பிரிப்பார். கடைசி வெள்ளியன்று ஒட்டினார்; மறுநாளே போய்விட்டார். பிரிக்க ஆளில்லை.

டேப்பின் ஓரமெல்லாம் நகத்தால் தடவிப் பார்த்தாள். எங்கும் இடைவெளி இல்லை. நான்கு துளையும் அடைபட்டால் பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது. இதுவோ ஒரு மாதமாக ஓடுகிறது.

லியோவாவும் குனிந்து டேப்பின் ஓரங்களைப் பார்த்தான்.

ஃபீரா டேப்பைப் பிரித்தாள். காற்று உள்ளே போனது. ரேடியோ நின்றது.