எக்ஸ்ரேயில் விழாத பல்

1

இந்தக் கதை ஒரு பேச்சாகத்தான் எனக்கு வந்தது. பூந்தமல்லி பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்: "டாக்டரம்மா கேக்குறாங்கோ, பல்லு எங்கன்னு. அம்மாக்காரி வாயே தொறக்கல." பாடியில் அவள் இறங்கிவிட்டாள். மீதியை நானாகக் கேட்டு எழுத வேண்டியதாயிற்று. எனக்குக் கதையெல்லாம் காது வழியாகத்தான்.

2

1989. ஆவடியில் மழை விட்டிருந்த ஒரு

(வேண்டாம். அன்று மழை இல்லை.)

மொபெட்டிலிருந்து விழுந்த நாகவல்லிக்கு மூக்கும் கன்னத்தெலும்பும் உடைந்திருந்தன. ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் ஜமீலா, தாய் பஞ்சவர்ணத்திடம் நிலைமையைச் சொன்னார். மூச்சுக்கான குழாயை மூக்கு வழியாக விட முடியாது, வாய் வழியாகத்தான். வாயெல்லாம் வீக்கமும் ரத்தமும். உள்ளே ஏதாவது கழன்று கிடந்தால் குழாய் அதை மூச்சுக்குழலுக்குள் தள்ளிவிடும், உயிருக்கே ஆபத்து.

"முன்பல் ரெண்டைக் காணோம்மா. எக்ஸ்ரேலயும் இல்ல. ரோட்டுல விழுந்துடுச்சா, கட்டுப்பல்லா? பிளாஸ்டிக் தகடுன்னா எக்ஸ்ரேல தெரியாது."

கட்டுப்பல்தான். ஆனால் பக்கத்தில் ஜெகதாம்பாள் நின்றிருந்தாள், மாப்பிள்ளையின் தாய். அவளுக்குத் தெரியாமல் அதை மறைத்துத்தான் தட்டு மாற்றியிருந்தார்கள். பெண் சிரித்தால் வீடே வெளிச்சமாகிறது என்று தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவைத்திருந்தவள் ஜெகதாம்பாள்.

"இன்னா சம்பந்தி, கொயந்தைக்கு ஏது கட்டுப்பல்லு? ரோட்லதான் உயுந்திருக்கும். சொல்லுங்கோ."

(இவள் பொல்லாதவளாக இருந்தால் எனக்குச் சுலபம். காலையிலிருந்து இந்தப் பெண்ணுக்காகப் பட்டினி கிடக்கிறாள்.)

3

ஒரு முடிவு: பஞ்சவர்ணம் சொல்லிவிடுகிறாள். எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் டாக்டரை விட்டுச் சம்பந்தியைத்தான் பார்க்கிறாள்.

இன்னொன்று: ஜெகதாம்பாள் முந்தானை முடிச்சிலிருந்து தகட்டை எடுத்து நீட்டுகிறாள், விழுந்த இடத்தில் பொறுக்கியதாக. படிப்பவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாவதில் பஞ்சவர்ணம், "ஆமா டாக்டர், ரோட்லதான்" என்று

(இதை முடிக்கமாட்டேன்.)

4

பேச்சையே கேட்டுக்கொண்டிருந்ததில், வாசலோரம் கிடந்த ஸ்ட்ரெச்சரை விட்டுவிட்டேன். நாகவல்லி கையைத் தூக்கியிருந்தாள். இரண்டு விரலைக் காட்டிவிட்டுத் தன் தொண்டையைத் தொட்டாள்.

ஜமீலா குனிந்தார். "கட்டுப்பல்லா? உள்ள இருக்கா?"

தலை அசைந்தது.

இடுக்கியோடு தகடு வந்தது: ரோஜா நிறம், அதில் இரண்டு வெள்ளைப் பல். அதன் பிறகு குழாய் தடையில்லாமல் இறங்கியது. மூச்சு சீராக ஓடியது.

5

நர்ஸ் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். பெஞ்சில் தாய்மார் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பொண்ணோட பல்லு. யாரு வாங்கிக்கிறீங்க?"

ஒரு கை நீண்டது. கை நீள்வதற்குச் சத்தம் கிடையாது. என் காதுக்கு அது யாருடையதென்று எட்டவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.