வண்டி பழுதாகவில்லை

என் மனைவி செகமெட்ஸி இறந்தது ஒரு வியாழக்கிழமை மதியம். காலையிலேயே வலி எடுத்துவிட்டது. எங்கள் டிகோகோ ஊர் மருந்தகத்து நர்ஸ் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ளை குறுக்கே கிடக்கு, ரா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்" என்றார். எங்கள் பக்கம் ஆண்களுக்கு ரா, பெண்களுக்கு மா என்பது மரியாதைச் சொல். ஆம்புலன்ஸ் கொட்டகை காலியாக இருந்தது. மாவட்ட மன்ற அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். வண்டி பழுது என்றார்கள்.

என் மச்சினன் மொடிசே யாரிடமோ கேட்டு ஒரு பிக்கப் வாங்கி வந்தான். பின்னால் மெத்தை போட்டு அவளைக் கிடத்தினோம். தொண்ணூறு கிலோமீட்டர் மண் ரோடு. அறுபதாவது கிலோமீட்டரைத் தாண்டும்போது அவள் போய்விட்டாள், வயிற்றிலிருந்த பிள்ளையோடு. அவளுடைய செருப்பு ஒன்று வழியில் விழுந்தது. அதை எடுக்க வண்டியை நிறுத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்தப் பயணத்தில் எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடியலில் புதைத்தோம். வந்தவர்களுக்குச் சோளக்களியும் இடித்த மாட்டிறைச்சியும் போட்டார்கள். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். "அழுதுடு ரா, நெஞ்சுல வச்சுக்காதே" என்று பெண்கள் சொன்னார்கள். அழுகை எங்காவது இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். இல்லை. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போய்விட்டேன். கால்நடை வேலியில் அறுந்த கம்பிகளைக் கட்டுகிற வேலை எனக்கு. நாள் முழுக்க ஒருவரோடும் பேச வேண்டியதில்லை.

பத்து நாள் கழித்து மாவட்ட மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஓடிரிலெ வண்டியைச் சரியாகப் பராமரிக்காததால் பழுதாகிவிட்டது, அவரைப் பணியிலிருந்து நீக்கிவிட்டோம், வருந்துகிறோம் என்று எழுதியிருந்தது. மொடிசே அதை என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தான். அன்று மாலையே மதுக்கடை வாசலில் ஓடிரிலெயைப் பிடித்து அடித்தான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஓடிரிலெ திருப்பி அடிக்கவில்லை. வாயிலிருந்து வடிந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "வண்டி ஓடிட்டுத்தான் இருந்துச்சு, மொடிசே. எங்கேன்னு கேளு" என்றான். ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் எங்கள் ஊர்ச்சபைத் திடலான கோட்லாவில் ஊர் கூடியது. தார் ரோடு போடுவது பற்றிப் பேச மன்றத் தலைவி கலெஃபெலெ வருவதாக ஏற்பாடு. ஆண்கள் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து தூக்கி வந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அவர் எழுந்தார். குமாஸ்தா கொடுத்த தாளை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"ரோட்டைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். "அன்னைக்கு ஆம்புலன்ஸ் பழுதாகல. மந்திரி வர்ற விழாவுக்கு நாற்காலி ஏத்திட்டு வரச் சொன்னது நான்தான். ஓடிரிலெ ரெண்டு தடவை மாட்டேன்னான். 'ஊர்ல நிறைமாசமா மூணு பேர் இருக்காங்க, மா'ன்னான். வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு மிரட்டினேன். நர்ஸ் போன் பண்ணப்ப பழுதுன்னு சொல்லச் சொன்னதும் நான். அந்தக் கடுதாசில கையெழுத்துப் போட்டதும் நான்."

குமாஸ்தா அவருடைய சால்வை நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார். அவர் திரும்பவில்லை.

"நாற்காலியாவது ஒழுங்கா வந்து சேந்துச்சா, மா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"வந்துச்சு, ரா. மந்திரிதான் வரல."

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசைக் கிழவர் ஒருவர், "இப்ப ஏன் சொல்றீங்க? யாரும் கேக்கலியே" என்றார்.

"யாராவது கேப்பீங்கன்னு மூணு வாரமா காத்திருந்தேன், ரா. அவனை அடிச்சாங்கன்னு கேள்விப்பட்டேன். அப்பக்கூட யாரும் என் வாசலுக்கு வரல."

ஊர்த் தலைவர் என் பக்கம் திரும்பினார். "மொலெஃபி, உன் வீட்டுச் சாவு. நீ பேசு. யாரும் குறுக்கே பேசமாட்டாங்க."

எழுந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"அடுத்த வியாழக்கிழமை ஒருத்திக்கு வலி வந்தா வண்டி எங்கே இருக்கும்?"

"மருந்தகத்துல" என்றார் கலெஃபெலெ. "சாவி நர்ஸ் கையில. மன்றம் கேட்டாலும் மந்திரியே கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு காலையில உத்தரவு போட்டேன். ஓடிரிலெயைத் திரும்ப வேலையில சேத்தாச்சு. அதுக்கப்புறம் ராஜினாமாவுல கையெழுத்துப் போட்டேன். இங்கேருந்து நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போறேன்."

"சரி, மா" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

"அவ்ளோதானா?" என்றான் மொடிசே, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அவ்ளோதான்."

சொன்னபடியே அவர் காவல் நிலையத்துக்குப் போனார். வழக்கு இன்னும் நடக்கிறது. மொடிசே ஒரு வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு ஓடிரிலெ வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து நின்றான். "பல்லு ஒண்ணு போச்சு, ஆடு ஒண்ணு வந்துச்சு. எங்கே கட்டறது இதை? எனக்கு ஒரு பட்டிகூட இல்லையே" என்றானாம் ஓடிரிலெ. ஞாயிற்றுக்கிழமை நான் கம்பியும் இடுக்கியும் எடுத்துப் போய் ஒரு சின்னப் பட்டி போட்டுக் கொடுத்தேன். அவன் குழி தோண்டினான். செகமெட்ஸியைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

"பைத்தியக்காரி. வாயை மூடிட்டிருந்தா இந்நேரம் எம்.பி. ஆகியிருப்பா" என்று மதுக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஆனால் அவர் இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் நின்ற இரண்டு பேரையும் கோட்லாவில் எழுப்பி நிறுத்தி, முதலில் கேட்டது ஆம்புலன்ஸ் சாவியைப் பற்றித்தான். தொடமாட்டோம் என்று இருவரும் சொன்ன பிறகே மற்றதைப் பேசவிட்டார்கள். கலெஃபெலெவை மன்னித்துவிட்டாயா என்று என்னைச் சிலர் கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். கோபம் இருந்தால்தானே மன்னிக்க?

ஓட்டுப்போடும் நாளன்று பள்ளிக்கூடத்து வரிசையில் எனக்கு முன்னால் அவர் நின்றிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வரிசையில் தன் இடத்தை எனக்குக் கொடுக்கப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"எப்படி இருக்கீங்க, ரா?"

"இருக்கேன், மா."

"மழையே காணோம்."

"ஆமா."

வரிசை நகர்ந்தது. அவர் உள்ளே போனார். பிறகு நான் போனேன்.