மாடி பஸ்ஸில் அண்ணி

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் அண்ணி, முதல்ல மேல ஏறுங்க! முன் சீட்டு போயிடும்!”

“பஸ்ஸுக்குள்ள மாடிப்படியா? ஆள விடு. நான் கீழயே உக்காந்துக்கறேன்.”

“கீழ உக்காந்தா முன்னாடி இருக்கிறவங்க பின்மண்டைதான் தெரியும். அதைப் பாக்கவா லீவு போட்டு வந்தேன்?”

அண்ணி சிரிக்கவில்லை. ஆனால் ஏறினார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏணியில் ஏறுகிற பூனை மாதிரி. முன் கண்ணாடிக்கு நேராக இருந்த சீட்டு எங்களுக்கே கிடைத்தது. நான் வெற்றி பெற்ற தளபதியைப் போல உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். அண்ணி கல்யாணத்துக்கு முன்னால் தன் ஊரில் ஒரு திரைச்சீலைக் கடையில் தைத்துக்கொண்டிருந்தவர். ஜன்னலோரத்து மிஷின் அவருடையது. இங்கே வந்ததிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறார். லிப்ட் ரிப்பேர் செய்கிற என் அண்ணன் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். பழைய முதலாளியம்மா, “மிஷினை உனக்காக வச்சிருக்கேன், திரும்பி வர்றியான்னு இன்னைக்குச் சொல்லிடு” என்று கேட்டிருந்தார். அண்ணன், “உன் இஷ்டம். நீ அங்க இருந்தா வாரா வாரம் நான் வந்துடறேன்” என்று பெரிய மனது பண்ணிவிட்டான். சொன்ன பிறகு, தானே சுடப்போய், நினைப்பு எங்கோ இருக்க, ரொட்டியை ஒரு பக்கம் கருக்கி, மறுபக்கம் பச்சையாக வைத்தான். அவனுக்காகக் கூட இல்லை, எனக்காகத்தான் அண்ணியைப் போகவிடாமல் தடுக்கிற இந்த வேலையில் இறங்கினேன். அண்ணி வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் யாராவது யாரையாவது, “சாப்பிட்டியா?” என்று கேட்கிறார்கள்.

ஊரைக் காட்டிவிட்டால் ஊர் அவரைப் பிடித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மணிக்கூண்டு, பெரிய பாலம், கண்ணாடிக் கட்டடம் என்று ஒவ்வொன்றுக்கும் பேச்சு தயாராக இருந்தது.

“அண்ணி, வலது பக்கம் பாருங்க, மணிக்கூண்டு! உள்ளயே படி இருக்காம், உச்சி வரைக்கும் ஏறலாமாம்!”

அண்ணி இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மாடி பஸ்ஸின் உயரத்துக்குச் சரியாக, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், வீடுகளின் ஜன்னல்கள் போய்க்கொண்டிருந்தன.

“அந்தப் பச்சைத் திரையைப் பாரு வாலு. தைச்சவ தூக்கக் கலக்கத்துல தைச்சிருக்கா. ஒரு பக்கம் தரையைக் கூட்டுது, இன்னொரு பக்கம் முழங்காலுக்கு நிக்குது.”

“மணிக்கூண்டு போயிடுச்சு அண்ணி.”

“அது எங்க போகப்போகுது? இதோ, இதைப் பாரேன். இது அவங்க கல்யாணப் புடவை. வெட்ட மனசு வராம அப்படியே மாட்டியிருக்காங்க.”

பாலமும் போனது. கண்ணாடிக் கட்டடத்துக்குத் திரையே இல்லை என்பதால் அண்ணி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் முன் கண்ணாடி வழியாக வெயில் முகத்தில் அடித்தது. அண்ணி கைப்பையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தார்.

“இந்தக் கண்ணாடிக்கு ஒரு திரை இருந்தா எப்படி இருக்கும்? நீ அந்த முனையப் பிடி. அப்படி இல்ல, குனிஞ்சு, அடியில இருந்து.”

நான் குனிந்தேன். அவரும் குனிந்தார். நாடாவின் நுனி சீட்டுக்கடியில் எங்கோ மாட்டிக்கொண்டது. இரண்டு பேரும் மண்டியிட்டு அதை இழுத்துக்கொண்டிருந்தபோது பஸ் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள், பஸ் மறுபடி கிளம்பியது. நாங்கள் தலையைத் தூக்கவில்லை. நாடா கையில் வந்த நேரத்தில் சுற்றிலும் இருட்டாகிவிட்டது. தடதடவென்று ஒரு சத்தம். முன் கண்ணாடி முழுக்க நுரை. யானை உயரத்துக்கு ஒரு பிரஷ் சுழன்றுகொண்டே எங்களை நோக்கி வந்தது.

அண்ணி என் கையை நெரித்தார். இரண்டு நொடி. பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது, டிப்போவில் பஸ் கழுவுகிற கொட்டகைக்குள் வந்து மாட்டியிருக்கிறோம் என்று.

“அடிப்பாவி! ஊரைச் சுத்திக் காட்டுறேன்னு சொல்லி என்னைத் துவைச்சுக் காயப்போடக் கூட்டிட்டு வந்திருக்கியே!”

சிரித்தார் பாருங்கள். இந்த ஊருக்கு வந்து முதல் முறையாக, தோள் குலுங்க, மூச்சு முட்ட. தண்ணீர் கண்ணாடியில் வழிய வழிய, நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் நின்றதும் டிரைவர் படியேறி வந்தார்.

“யாரு அது? கண்ணாடில பாத்தேன், ஒரு தலையும் தெரியலயே!”

“அளவெடுத்துட்டு இருந்தோம்ணே,” என்றார் அண்ணி.

“எதுக்கும்மா?”

“பஸ்ஸுக்குத் திரை தைக்க.”

“நல்லா இருக்கு! என் வீட்டு ஜன்னலுக்கே திரை கிடையாது. பேப்பர் ஒட்டி வச்சிருக்கேன். பழைய செய்தியா இருக்கேன்னு பொண்டாட்டி திட்டுறா.”

“ஜன்னல் அளவு எடுத்துட்டு வாங்கண்ணே, நான் தைச்சுத் தரேன்.”

சொல்லிவிட்டு அண்ணி சட்டென்று நிறுத்திக்கொண்டார். தைக்க இங்கே மிஷின் ஏது? டிரைவருக்கு அது தெரியாது. “சரி தங்கச்சி, இதே ரூட்டுலதான் ஓட்டுறேன், கொண்டு வரேன்” என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போய் வண்டியைக் கிளப்பினார்.

திரும்பும்போது அண்ணி எதையும் பார்க்கவில்லை. நான் அளவு நாடாவைச் சுற்றி அவர் கைப்பைக்குள் வைத்தேன். பாலத்தின் மேல் ஏறும்போது அவருடைய போன் அடித்தது. பழைய முதலாளியம்மா.

“அக்கா... ஆமாக்கா, பஸ்லதான் இருக்கேன். சாப்பிட்டீங்களா?”

அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பேசினார்கள். அண்ணி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

“இல்லக்கா. எனக்காகக் காத்துட்டு இருக்க வேணாம். வேற யாரையாவது என் மிஷின்ல உக்கார வைங்க... ஆமா. நல்லாத்தான் யோசிச்சேன். அது நூல் அறுக்கும், கொஞ்சம் மெதுவா மிதிக்கச் சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டார். எனக்குச் சீட்டின் மேல் ஏறிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. திரும்பினேன். அண்ணி முகத்தைக் கண்ணாடிப் பக்கம் வைத்திருந்தார். ஈரம் காயாத கண்ணாடியில் ஆற்று வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. அவருடைய வலது கால் மட்டும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது, மெதுவாக, ஒரே தாளத்தில்.

அடுத்த நிறுத்தத்தில் நாங்கள் இறங்க வேண்டும். இப்போது கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா, இல்லை பேசாமல் இன்னும் ஒரு சுற்று போய் வரலாமா? சீக்கிரம் சொல்லுங்களேன், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?