ஆறு பெட்டிக்கும் புதுச் சக்கரம்

அர்த்தனாரி சாருக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் அந்தச் சக்கர வேலை என்னிடம் வந்தது. அதற்கு முன் அந்தப் பொம்மை ரயிலைத் துடைக்கக்கூட யாரையும் விடமாட்டார்.

சார் ராசிபுரத்துக்காரர். மலைமேல் எங்கள் அரியூர் நாட்டில் அறிவியல் வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் மலையை விட்டுக் கீழே இறங்கவில்லை. மிளகு பறிக்க ஏறி விழுந்து என் இடுப்பு போனதிலிருந்து நான் அவர் வீட்டில் சின்ன வேலைகள் செய்துகொண்டிருக்கிறேன்.

முன்னறையில் ஒரு பெரிய பலகை. அதன்மேல் வட்டமாகத் தண்டவாளம். ஒரு எஞ்சின், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்தில் ஆறு பயணிகள் பெட்டி. சாருடைய அப்பா சேலம் ஜங்ஷனில் குமாஸ்தாவாக இருந்தபோது, வேலை மாறிப்போன ஒரு அதிகாரி கொடுத்துவிட்டுப் போனதாம். சாரும் அவர் தம்பி அசோக்கும் சிறுவயதில் ஓட்டி விளையாடியது.

தம்பி அண்ணனோடு பேசி ஒன்பது வருசம் ஆகியிருந்தது. அப்பா செத்த அன்று சார் தகவல் சொன்னது தாமதம். தம்பி கோயமுத்தூரிலிருந்து வந்து சேர்வதற்குள் எரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. போன மாசி மாதம் எப்படியோ அவரே போன் செய்து, "அப்பா குடுத்த ரயிலாச்சும் ஓடுதா?" என்று கேட்டாராம். சார் யோசிக்காமல், "ஓடுது, நீ வந்து பாரு" என்று சொல்லிவிட்டார்.

எஞ்சின் ஓடியது. பெட்டிகள்தான் ஓடவில்லை. பழைய பிளாஸ்டிக் சக்கரங்கள் தேய்ந்து, திருப்பத்துக்குத் திருப்பம் கவிழ்ந்தன. சார் தபாலில் புதுச் சக்கரங்கள் வரவழைத்தார். இரும்பு மாதிரி பளபளவென்று இருந்தன. ஒரு அச்சுக்கு இரண்டு சக்கரம். அதில் ஒன்றில் மட்டும் நடுவே கறுப்பு வளையம்.

வெள்ளிக்கிழமை எஞ்சினை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். வண்டு மாதிரி போனது. பிறகு சார் முதல் பெட்டிக்குச் சக்கரம் மாட்ட உட்கார்ந்தார். நாலு அச்சு மாட்டுவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

"சின்னு, இதே மாதிரி மத்த அஞ்சுக்கும் மாட்டிரு. உன் கை நிதானமான கை."

"ஆகட்டுங்க சார்."

பழைய அச்சை நகத்தால் நெம்பி எடுத்து, புது அச்சின் கூர்முனையை இரண்டு பக்கத் துளையிலும் உட்கார வைக்க வேண்டும். விட்டால் சுண்டிக்கொண்டு ஓடிவிடும். மூன்றாவது பெட்டிக்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அப்போதுதான் சார் மாட்டியதைப் பார்த்தேன். கறுப்பு வளையம் எல்லாம் ஒரே பக்கமாக இருந்தது.

நாங்கள் மரவள்ளிக் குச்சியைக் கட்டும்போது அடியும் நுனியும் மாற்றி மாற்றி வைத்துத்தான் கட்டுவோம். ஒரே பக்கம் அடி இருந்தால் கட்டு சரியும், தலையில் நிற்காது. முப்பது வருசம் அப்படிக் கட்டி லாரியில் ஏற்றிய கை இது. வளையம் இருக்கிற பக்கம் கனம் வேறாக இருக்கும், சார் கை நடுக்கத்தில் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். எல்லாவற்றையும் வளையம் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாட்டினேன். சார் மாட்டியதையும் எடுத்துத் திருத்தினேன். அவரிடம் சொல்லவில்லை. பெரிய வேலை செய்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

சனிக்கிழமை காற்றில் மரம் விழுந்து கரண்டு இல்லை, ஓட்டிப் பார்க்க வழியில்லை. ஞாயிறு காலை கரண்டு வரவும், அசோக் பஸ்ஸில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

"எழுவது வளைவுண்ணா, குடலே வெளிய வந்துருச்சு. இங்க என்னத்தக் கண்டுட்டு உக்காந்திருக்கறே?"

"உன்னய மாதிரி ஆளுக சுலபமா வந்தரக் கூடாதுன்னுதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சார் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அசோக் ஒரு பெட்டியைக் கையில் எடுத்து, சன்னலில் இருந்த கீறலைத் தடவினார். "இது நான் பல்லுல கடிச்சது" என்றார்.

எஞ்சினையும் ஆறு பெட்டிகளையும் கோர்த்து நிறுத்தினார்கள். சார் கரண்டுப் பெட்டியின் விசையைத் திருகினார். அதில் டக்கென்று சிவப்பு விளக்கு எரிந்தது. ரயில் அசையவில்லை. மறுபடி திருகினார். மறுபடி டக். ஒயரை ஆட்டினார், தண்டவாளத்தைத் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை ஓடிய எஞ்சின். இடையில் மாறியது நான் மாட்டிய சக்கரம் மட்டும்தான். டீ டம்ளரோடு கதவோரம் நின்ற எனக்கு அது உடனே உறைத்தது. பெட்டியைக் கழற்றிப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணன் தம்பிக்கு நடுவில் நான் எதற்கு என்று நின்றேன். அப்படிச் சொல்வதும் பொய்தான். பயம்.

"ஓடுதுன்னு சொன்னியேண்ணா?"

"முந்தாநாள் ஓடுச்சுடா."

"அப்பாவுக்கும் முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சுன்னு சொன்னே. உன்ற வாயில நெசம் எப்ப வரும்?"

சார் குனிந்து ஒயரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அசோக் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், மூணு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். "வாரேன்" என்று என்னிடம்தான் சொன்னார்.

பஸ் சத்தம் அடங்கிய பிறகு நான் பெட்டிகளைக் கழற்றி ஓரமாக வைத்தேன். விசையைத் திருகினேன். எஞ்சின் ஓடியது.

"ஏனுங்க சார், நான் வளையத்தை மாத்தி மாத்திப் போட்டனுங்க. நீங்க போட்டதையும் மாத்திட்டனுங்க."

சார் ஒரு பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பழைய பெட்டிகளுக்கு அடிச்சட்டம் உலோகம், அந்த வளையம்தான் கரண்டைத் தடுக்கும், அது ஒரே பக்கம் இல்லாவிட்டால் இந்தத் தண்டவாளத்துக் கரண்டு அந்தத் தண்டவாளத்தில் போய் முட்டிவிடும் என்றார். பாடம் நடத்துவது போலப் பொறுமையாகச் சொன்னார்.

"எதுக்குப் போடறோம்னு நான் உனக்குச் சொல்லல. அது என் தப்பு. ஆனா அவன் இருக்கறப்பவே வாயத் தொறந்திருக்கலாமே சாமி."

உட்கார்ந்து இருபத்து நாலு அச்சையும் கழற்றி, ஒரே பக்கமாக மாட்டினேன். ரயில் கவிழாமல் சுற்றியது.

சார் போன் போட்டார். மூன்றாவது தடவைதான் அசோக் எடுத்தார்.

"ஓடுதுடா அசோக்கு. சக்கரத்தத் திருப்பிப் போட்டோம்... இல்லடா, நெசமாத்தான். இந்தா, சத்தம் கேளு."

போனை ரயில் பக்கத்தில் பிடித்தார். ஒரு சுற்று போய் வரும்வரை பிடித்திருந்தார். பிறகு காதில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அசோக் எப்போதோ போனை வைத்துவிட்டிருக்கிறார்.

"நான் கோயமுத்தூருக்குப் போயி அவருகிட்ட சொல்லட்டுங்களா?" என்றேன்.

"நீ சொன்னா, அண்ணன் சொல்லி அனுப்பிச்சான்னுதான் நெனைப்பான்."

ரயிலை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், ஓடட்டும் என்றார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.